எல்லா இடத்திலும் போகும், ட்ரேயில் மட்டும் போகாது

செல்லப்பிராணிக் கடைக்கு வருகிறவர்கள் பூனைக்குட்டியைப் பார்த்ததும் என்ன விலை, பிறாண்டுமா, கண் ஏன் இந்தக் கலர் என்று எல்லாம் கேட்பார்கள். எங்கே மூத்திரம் போகும் என்று மட்டும் கேட்கமாட்டார்கள், வாங்கிப்போன மறுநாளிலிருந்து அதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார்கள்.

நான் ஓசூரில் மத்திகிரி போகிற ரோட்டில் அப்படி ஒரு கடையில் நிற்கிறேன். பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மீன் தொட்டி கழுவுவது, லவ் பேர்ட்ஸுக்குத் தினை போடுவது, நாய்த் தீனி எடுத்துக் கொடுப்பது, கூண்டு சுத்தம் செய்வது எல்லாம் என் வேலை. மொபைல் கடையோ பேக்கரியோ துணிக்கடையோ, எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவராக இருந்தாலும், விற்ற சாமான் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சாமானாவது திரும்பி வரும்போது கத்தாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் ‘ஒண்ணுக்கு’ என்பார்கள், சிலர் ‘சூசூ’ என்பார்கள். துடைக்கிறவள் நான். மூத்திரம் என்றுதான் எழுதுவேன்.

யூனிபார்ம்

சாம்பல் நிற ஆண் குட்டி, நான்கு பாதமும் வெள்ளை. சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது என்று சொல்லி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து விட்டுப்போனார். எங்கள் ஓனர் முனிராஜ் அண்ணன் அதற்குப் பூச்சி மருந்து கொடுத்து, தேற்றி, விற்பனைக் கூண்டில் விட்டார். அந்தக் கூண்டில் லிட்டர் ட்ரேயை, அதாவது பூனை மூத்திரம் போகிற மணல் தட்டை, வைத்துவிட்டால் மீதித் தரை என்று ஒன்றும் இருக்காது. நிற்பது, படுப்பது, போவது எல்லாம் அந்த மணலில்தான். அதற்கு வேறு வழியில்லை. அதைத்தான் நாங்கள் ‘ட்ரே பழகின குட்டி’ என்று சொல்லி விற்றோம்.

முதலில் வாங்கினது மத்திகிரியில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு புது ஜோடி. அந்த அண்ணன் வண்டிக்கு பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, குட்டியைப் பெட்டியோடு கவுண்டரில் வைத்தார். புது ட்ரேயை அது மோந்துகூடப் பார்க்கவில்லையாம். ரூம் மூலையில் அழுக்குத் துணி குவித்திருந்த இடத்தில்தான் போயிருக்கிறது. அவசரத்தில் அந்தக் குவியலிலிருந்து யூனிபார்ம் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பியிருக்கிறார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. அசதியாகச் சொன்னார்:

“சளி புடிச்சிருந்ததால எனக்கு ஒண்ணும் தெரியல பாப்பா. கம்பெனி பஸ்ல என் பக்கத்துல யாரும் உக்காரல. கேட்ல பஞ்ச் வைக்கிற லைன்ல முன்னாடியும் ஆளில்ல, பின்னாடியும் ஆளில்ல. மேனேஜர் மாதிரி உள்ள போனேன்.”

பட்டுச் சேலை

அடுத்து வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். முனிராஜ் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டயர் விக்கிறவன் பஞ்சர் ஆகும்னு சொல்லியா விக்கிறான்?” என்றார். டயர் பஞ்சர் ஆனால் யாரும் அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்றேன். என் வாயை அடக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். டீ வாங்கி வரச் சொல்வார். நான் டீயோடு திரும்பி வருவதற்குள் குட்டியை விற்றுவிட்டார்.

வாங்கினது அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மா. பாதி தமிழ், பாதி கன்னடம். அவர்கள் வீட்டில் வரலட்சுமி பூஜை பெரிதாகச் செய்வார்களாம். கலசத்துக்குக் கட்டுவதற்காகப் புதுப் பட்டுச் சேலையைக் கொசுவம் கொசுவமாக மடித்து சோபாவில் வைத்துவிட்டு, பூ வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது குட்டி அந்தக் கொசுவத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. என்ன வேலையாக என்று நான் சொல்லவேண்டியதில்லை. பூஜை முடிந்த மறுநாள் வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் பெட்டி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டிவிட்டார்:

“பேடம்மா, பேடா. வேண்டவே வேண்டாம். லட்சுமிக்கே இது மரியாதை கொடுக்கல, நனகெல்லி, எனக்கெங்க கொடுக்கப்போகுது?”

சந்தை

அந்த அம்மா போனதும் முனிராஜ் அண்ணன் தீர்ப்பு சொன்னார். இன்னொரு தடவை இந்தக் குட்டி திரும்பி வந்தால், குந்தாரப்பள்ளி சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடுவார். நாட்டுக்கோழிக் குஞ்சு எடுக்க அவர் வாராவாரம் அங்கே போகிறவர். தானிய மூட்டை கிடக்கிற இடம், எலி இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்றார். அந்தச் சந்தையை நான் பார்த்திருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கிற லாரி, மிரண்டு இழுக்கிற மாடு, கறி வெட்டுகிற இடத்தில் நிற்கிற நாய்கள். என் உள்ளங்கையில் உட்கார்ந்தால் வால் மட்டும் வெளியே தொங்குகிற ஒரு குட்டி அங்கே எலி பிடிக்குமாம். எலிகள் சேர்ந்து இதைப் பிடித்துக்கொண்டு போகும்.

நான் யோசித்தேன். விற்றால்தானே திரும்பி வரும்? விற்காவிட்டால்? அன்றிலிருந்து அந்தக் கூண்டு முன்னால் யார் நின்றாலும், “இது துணியில மூத்திரம் போகும், ரெண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்திருக்கு” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். கொஞ்சிக்கொண்டிருந்த கை சட்டென்று பின்னால் போகும். ஒரு காலேஜ் பையன் செல்பி மட்டும் எடுத்துக்கொண்டு போனான். நான் எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஓனர் கேட்டபோது காரணத்தையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மீன் தொட்டியில் தீனி தூவினார். பிறகு சொன்னார்:

“வியாபாரம் படுக்கணும்னு நினைக்கிறவங்க வெளியில எனக்கு எவ்வளவோ பேர் இருக்காங்க மா. உனக்கு மட்டும்தான் நான் சம்பளம் குடுத்து வெச்சிருக்கேன்.”

ஆஸ்பத்திரி வரிசை

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் செத்தே போகும் என்று ஒரு கஸ்டமர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் குட்டியைக் காய்கறிக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னால் இரண்டு ஆடு, ஒரு நாய், பின்னால் வயிறு உப்பின ஒரு மாடு. டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். அடிவயிற்றை அழுத்தினார். முக்குகிறதா, கத்துகிறதா, ரத்தம் வருகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. “உடம்புல ஒரு கோளாறும் இல்ல. ட்ரேயைத் தினமும் சுத்தமா வை, பினாயில் ஊத்திக் கழுவாத. எங்க எங்க போகுதுன்னு கூடவே இருந்து பாரு” என்றார்.

நான் வெளியே வந்தபோது மாட்டுக்காரர் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து டெம்போ பிடித்து வந்திருக்கிறார். கூடைக்குள் எட்டிப் பார்த்து, இத்தனூண்டுக்கு என்ன வியாதி என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை:

“நேத்திலிருந்து என் மாடு மூத்திரம் போகலன்னு நான் வந்து நிக்கிறேன். உன்னுது போகுதுன்னு நீ வந்து நிக்கிற. சாமி எதையும் சமமா பிரிச்சிக் குடுக்கறதே இல்ல.”

மூக்கு

இந்த ஊரில் பூனை வளர்க்காத ஆளுக்குத்தான் பூனையைப் பற்றி நிறையத் தெரியும். ஒருத்தர் எலுமிச்சைத் தோல் வை என்பார், இன்னொருத்தர் கரித்தூள் தூவு என்பார். ரிடையர் ஆன ஒரு பெரியவர் மீன் தீனி வாங்க வருவார். அவர் சொன்ன வைத்தியம்: போன இடத்திலேயே அதன் மூக்கைப் பிடித்துத் தேய், முதுகில் ரெண்டு போடு, ஜென்மத்துக்கும் மறக்காது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஸ்கூலில் என்னை அடித்துச் சொல்லிக் கொடுத்த கணக்கு எதுவும் இன்றைக்கு ஞாபகமில்லை, அடித்த கை மட்டும் ஞாபகமிருக்கிறது. “உங்க பேரனுக்கும் இப்படித்தான் பண்ணீங்களா சார்?” என்று கேட்டேன். கல்லாவிலிருந்து முனிராஜ் அண்ணன் என்னை முறைத்தார். நான் திரும்பி முறைத்தேன். நல்லவேளை, பெரியவர் கோபப்படவில்லை. தீனிப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே யோசித்தார்:

“என் பேரன் இன்னும் கட்டில்லதான் போறான். ஆனா அவனுக்கு இங்கிலீஷ் ரைம்ஸ் தெரியும் மா.”

பனியன் வேஸ்ட்

டாக்டர் சொன்னபடி மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது குட்டியை வெளியே விட்டு, அதன் பின்னாலேயே நடந்தேன். ஒரு ட்ரேயில் மணம் போட்ட மணல், இன்னொன்றில் மணமில்லாதது, இன்னொன்றில் மரக் குச்சித் துண்டு. மூன்றையும் தாண்டித் தாண்டிப் போனது. நான் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஒரு அக்கா ஷிப்ட் முடிந்து நாய்த் தீனி வாங்க வந்தார். தோள்பையைத் தரையில் வைத்தார். பை வாய் திறந்திருந்தது. உள்ளே டிபன் பாக்ஸுக்கு மேலே ஒரு கொத்து பனியன் வேஸ்ட். பட்டறையில் கையிலும் மெஷினிலும் இருக்கிற எண்ணெயைத் துடைப்பதற்கு மூட்டை மூட்டையாக வருமே, பல கலரில் கிழிசல் பனியன் துணி, அதுதான். வண்டி சீட்டைத் துடைக்க எடுத்து வந்திருக்கிறார். குட்டி நேராகப் போய் பைக்குள் ஏறியது. முன்னங்காலால் துணியைக் கிளறியது. சுழன்றது. உட்கார்ந்தது. கண்ணை மூடியது.

நான் கத்திக்கொண்டு ஓடப்போனவள் பாதியில் நின்றுவிட்டேன். அழுக்குத் துணிக் குவியல். கொசுவி வைத்த சேலை. இப்போது இது. ஓனர் போனிலிருந்து அந்த லேத் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, இந்தக் குட்டி எங்கே பிறந்தது என்று கேட்டேன். “தாய்ப்பூனை வேஸ்ட் மூட்டைக்குள்ளதான் குட்டி போட்டுச்சி. கண்ணு தொறந்தது, பால் குடிச்சது, மத்ததெல்லாம்கூட அதுலதான். அதனாலதான அந்த மூட்டையையே தூக்கிப் போட்டேன்” என்றார். அதாவது இந்தக் குட்டி ஒரு நாளும் தப்பு செய்யவில்லை. அதற்குத் தெரிந்த கக்கூஸ் அது ஒன்றுதான். போன இடத்தில் எல்லாம் அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. அக்காவிடம் பையைக் கழுவித் தருகிறேன் என்றேன். அவர் குட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்:

“விடு பாப்பா. எட்டு மணி நேரமா மெஷின்ல ஊத்துற கூலன்ட் நாத்தத்துலயே நிக்கிறேன். இது எவ்வளவோ பரவால்ல.”

கிழிசல்

ட்ரேயில் பனியன் வேஸ்ட்டைப் பரப்பினேன். குட்டி ஏறி, கிளறி, போனது. அவ்வளவுதான், வேறு ஒரு வித்தையும் இல்லை. ஆனால் முனிராஜ் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அலமாரி நிறைய மணல் மூட்டை அடுக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் கிழிந்த பனியனில் பூனையை உட்கார வைத்தால் கடையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். எடு என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். அவரே எடுத்தார். மறுநாள் அவருடைய மடித்துவைத்த ஸ்வெட்டரைக் குட்டி ட்ரேயாக்கிக்கொண்டது. அந்த ஸ்வெட்டரை நான் துவைக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை என் போக்கில் விட்டார். துணிக்கு மேல் ஒரு பிடி மணல் தூவினேன். பழகினதும் மணலைக் கொஞ்சம் கூட்டி, துணியைக் கொஞ்சம் குறைத்தேன். அவசரப்பட்ட நாளில் எல்லாம் அது வெளியே போய் எனக்குப் புத்தி சொன்னது. பொறுமை எனக்கு வராது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் கடைசியில் ட்ரேயில் வெறும் மணலும் ஓரத்தில் கைக்குட்டை அளவுத் துணியும் மட்டும் இருந்தன. குட்டி மணலில் போனது. துணியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது மணல் தூசியால் இல்லை. பின்னால் நின்று பார்த்த முனிராஜ் அண்ணன் கேட்டார்:

“சரி, இப்பவாச்சும் விக்கலாமா, இல்ல டிகிரி முடிக்கட்டுமா?”

பொண்ணு பார்க்க வந்தது

சந்தைப் பேச்சை வாபஸ் வாங்குங்கள் என்றேன். மாட்டேன், திரும்பி வந்தால் சந்தைதான் என்றார். அப்படியானால் விற்கிறபோது நான்தான் பேசுவேன், நீங்கள் டீ வாங்கப் போங்கள் என்றேன். என்ன நினைத்தாரோ, நிஜமாகவே எழுந்து போய்விட்டார்.

தளி ரோட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா வந்தார். எலித் தொல்லை, அதோடு மகளும் பூனை கேட்கிறாள் என்றார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். யூனிபார்ம், பட்டுச் சேலை, பை, ஸ்வெட்டர், எல்லாம். பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். அழுக்குத் துணியை எங்கே போடுவீர்கள்? கூடைக்கு மூடி இருக்கிறதா? ட்ரேயை எங்கே வைப்பீர்கள்? மெஷின் ஓடுகிற இடத்தில் வைத்தால் சத்தத்தில் பயந்துகொள்ளுமே, உள்ளே வேறு இடம் இருக்கிறதா? யார் கழுவுவார்கள்? பினாயில் ஊற்றுவீர்களா? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்:

“என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கல மா. கேட்டிருந்தா அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

பெட்டி இல்லாமல்

அந்த அக்கா குட்டியை வாங்கிப்போன பிறகும், திரும்பி வந்தால் வேண்டுமே என்று காலிக் கூண்டைக் கழுவாமல் வைத்திருந்தேன். ஒரு காலையில் மாவு அக்கா கடைப் படி ஏறினார். முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். பெட்டி இல்லை. முனிராஜ் அண்ணனும் கையைத்தான் பார்த்தார்.

“துணியில போச்சா அக்கா?” என்று நானே கேட்டேன். போயிருக்கிறது. குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் துண்டைத் தரையில் போட்டிருக்கிறார், அதில் போயிருக்கிறது. ஆனால் அவர் குட்டியைத் திருப்பித் தர வரவில்லை. தீனி வாங்க வந்திருந்தார். பெரிய பாக்கெட்டாக எடுத்துக்கொண்டார். ஏன் கோபமில்லை என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீதான் அன்னைக்கே சொன்னியே பாப்பா, துணி கெடந்தா போகும்னு. துணியைப் போட்டது அந்த மனுசன். அதான் திட்டும் அவருக்கே.”

ஹஸ்கி

அவர் படி இறங்கினதும் முனிராஜ் அண்ணன் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்தார். சந்தைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. உண்மையைச் சொல்லி விற்றால் சாமான் திரும்பி வராது போலிருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இனிமேல் இப்படியே பேசு என்று எனக்கு உத்தரவும் போட்டார். அன்று சாயங்காலமே ஒருவர் ஹஸ்கி நாய்க்குட்டி ஆர்டர் கொடுக்க வந்தார். வீடு எப்படி என்று கேட்டேன். சிமென்ட் ஷீட் போட்ட மாடி ரூம் என்றார். பனியில் வாழ்கிற நாய் சார், ஏப்ரல் மாதம் அந்த ஷீட்டுக்கு அடியில் நீங்களே இருக்கமாட்டீர்கள், அது எப்படி இருக்கும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, வெறும் கையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். முனிராஜ் அண்ணன் ஆர்டர் எழுத எடுத்த பேனாவை மூடினார்:

“எல்லாத்துக்கும் இல்ல மா. பூனைக்கு மட்டும்.”

பூனைக்குட்டியை ட்ரேக்குப் பழக்கிவிட்டேன், ஓனரைப் பழக்கத்தான் எதில் என்ன போட்டு வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.